தொப்புள்கொடியில் ஒரே தமனி: இரண்டு ஸ்கேன், இரண்டு கணக்கு

கேள்வி: எனக்கு 27 வயது. முதல் கர்ப்பம். 12ஆம் வார ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் ‘லோ ரிஸ்க்’ என்று வந்தன. 20ஆம் வார அனாமலி ஸ்கேனில், தொப்புள்கொடியில் மூன்று ரத்தக் குழாய்களுக்குப் பதில் இரண்டுதான் இருக்கின்றன, ஒரு தமனி இல்லை என்று எழுதியிருந்தார்கள். இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு எல்லாம் நார்மல். 28 வாரம் முடிந்ததும் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தோம். குழந்தையின் எடை 1,120 கிராம், தொப்புள் தமனியின் தடையைக் காட்டும் எண்களான பி.ஐ. 0.92, எஸ்/டி 2.6, மூளைத் தமனி பி.ஐ. 1.95, தொப்புள் சிரை விட்டம் 6.0 மி.மீ., சிரை ஓட்டம் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 114 மி.லி. மனசு கேட்காமல் 8 நாள் கழித்து வேறொரு சென்டரில் மறுபடி எடுத்தோம். எடை 1,210 கிராம், தமனி பி.ஐ. 0.98, மூளைத் தமனி 1.90, சிரை விட்டம் 5.6 மி.மீ., சிரை ஓட்டம் 92 மி.லி. “நூறுக்குக் கீழே போய்விட்டது, ரத்த ஓட்டம் குறைகிறது” என்றார்கள். ஆர்ஜினைன் பவுடர் தினமும் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு குழாய் இல்லையென்றால் குழந்தைக்குப் பாதி ரத்தம்தானே போகும் என்று மாமியார் அழுகிறார். பனிக்குட நீர் எடுத்துச் சோதிக்க வேண்டுமா? முன்கூட்டியே ஆபரேஷன் செய்துவிடலாமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மாமியாரின் பயத்திலிருந்தே தொடங்கலாம். அவர் கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மீதிப் பாதி குழப்பமும் தீரும்.

இல்லாமல் போன அந்தத் தமனி, குழந்தைக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயே அல்ல. நஞ்சுக்கொடியிலிருந்து (பிளசென்டா; சுருக்கமாக ‘நஞ்சு’) ஆக்சிஜனும் சத்தும் ஏறிய ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுபோவது சிரை. அது எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுதான், உங்கள் குழந்தைக்கும் ஒன்று இருக்கிறது. தமனிகளின் வேலை எதிர்த்திசையில். குழந்தையின் உடம்பைச் சுற்றி வந்த ரத்தத்தை நஞ்சுக்கொடிக்குத் திருப்பி அனுப்புவது அவை. பொதுவாக இந்தத் திரும்பும் பாதை இரண்டு. உங்கள் குழந்தைக்கு ஒன்று. ஆகவே “பாதி ரத்தம்” என்பது கணக்கிலேயே வராது.

திரும்பும் பாதை ஒன்றானால் அங்கே நெரிசல் ஆகாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒற்றைத் தமனி அகலமாக வளர்ந்துகொள்ளும். சாதாரணமாக இந்த மாதங்களில் ஒவ்வொரு தமனியும் 3 மி.மீ. அளவில் இருக்கும். ஒன்றே ஒன்று இருக்கும்போது அது பெரும்பாலும் 4 மி.மீ.யைத் தாண்டி, சிரையின் அகலத்தை நெருங்கும். வீட்டில் இரண்டு அரை இஞ்ச் பைப்புக்குப் பதில் ஒரு முக்கால் இஞ்ச் பைப் போட்டால் வாயின் பரப்பு ஏறக்குறைய சமம்தான், கொஞ்சம் கூடவே வரும். அதோடு, குழாயின் தடை விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்துக் குறைகிறது. எனவே 4.2 மி.மீ. தமனி ஒன்று, 3 மி.மீ. தமனிகள் இரண்டையும் சேர்த்ததைவிடக் குறைந்த தடையோடு ரத்தத்தை விடும். இந்த விவரத்தை நினைவில் வையுங்கள். உங்கள் பி.ஐ. எண்ணைப் படிக்கும்போது இது மறுபடி வரும்.

ஒற்றைத் தொப்புள் தமனி அபூர்வமும் அல்ல. ஒற்றைக் கர்ப்பங்களில் 200க்கு ஒன்று முதல் 100க்கு ஒன்று வரை காணப்படுகிறது, இரட்டைக் கர்ப்பத்தில் அதைவிட அதிகம். காணாமல் போவது பெரும்பாலும் இடது தமனி. சில குழந்தைகளுக்கு அது உருவாவதே இல்லை. சிலருக்கு உருவாகி, பிறகு சுருங்கி மறைந்துவிடுகிறது. நீங்கள் சாப்பிட்டது, தூக்கியது, பைக்கில் போனது எதுவும் இதற்குக் காரணமில்லை.

சரி, உண்மையிலேயே ஒன்றுதானா? இதைச் சரியாகப் பார்க்கும் இடம் குழந்தையின் சிறுநீர்ப்பை. கலர் டாப்ளர் போட்டு, இடுப்பின் குறுக்குவெட்டில் சிறுநீர்ப்பையைக் கொண்டுவந்தால், அதன் இரு பக்கமும் ஒவ்வொரு தமனி ஓடுவது தெரிய வேண்டும். ஒரு பக்கம்தான் வண்ணம் தெரிகிறது என்றால் ஒற்றைத் தமனி. கொடியின் மிதக்கும் பகுதியைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதும் வழக்கம். மூன்று வட்டங்களுக்குப் பதில் இரண்டு தெரியும். ஆனால் நஞ்சுக்கொடிக்கு மிக அருகில் வெட்டிப் பார்த்து முடிவுசெய்யக் கூடாது. கொடி நஞ்சில் பதியும் இடத்துக்கு ஓரிரு சென்டிமீட்டர் முன்பாக, இரண்டு தமனிகளையும் இணைக்கும் ஒரு குறுக்கு இணைப்பு பெரும்பாலோருக்கு உண்டு. வியன்னாவின் உடற்கூற்றியலாளர் ஹிர்ட்ல் பெயரால் அதை அழைக்கிறோம். சிலருக்கு அந்த இடத்தில் இரண்டும் ஒன்றாகவே சேர்ந்துவிடும். அங்கே பார்த்தால் மூன்று குழாய்க் கொடியும் இரண்டாகத் தெரியும். 20ஆம் வார ரிப்போர்ட்டில் ‘சிறுநீர்ப்பை மட்டத்தில் பார்க்கப்பட்டது’ என்ற குறிப்பு இருக்கிறதா, அல்லது அந்தப் படம் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த ஸ்கேனில் அந்த ஒரு படத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நிமிட வேலை.

இப்போது உங்களைத் தூங்கவிடாத 92க்கு வருவோம்.

சிரை ஓட்டத்தை எந்த இயந்திரமும் நேரடியாக அளப்பதில்லை. இரண்டு அளவுகளை எடுத்துப் பெருக்குகிறது. ஒன்று சிரையின் விட்டம். அதிலிருந்து வட்டத்தின் பரப்பு. இன்னொன்று ரத்தத்தின் சராசரி வேகம். பரப்பை வேகத்தால் பெருக்கி, 60ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. என்று வரும். அதைக் குழந்தையின் எடையால் வகுக்கிறார்கள். அந்த எடையும் எடைபோட்டுப் பார்த்ததல்ல, இன்னொரு கணக்கு.

உங்கள் முதல் ரிப்போர்ட்டைப் போட்டுப் பார்ப்போம். விட்டம் 6.0 மி.மீ. என்றால் பரப்பு 0.283 ச.செ.மீ. சராசரி வேகம் நொடிக்கு 7.5 செ.மீ. என்று வைத்தால் நிமிடத்துக்கு 127 மி.லி. இதை 1.12 கிலோவால் வகுத்தால் 114. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பதும் அதுதான். இரண்டாவது ரிப்போர்ட்டில் வேகத்தை மாற்றாமல் விட்டத்தை மட்டும் 5.6 ஆக்கினால் பரப்பு 0.246, நிமிடத்துக்கு 111 மி.லி., 1.21 கிலோவால் வகுத்தால் 92. அதாவது இரண்டு ரிப்போர்ட்டுக்கும் நடுவே ரத்தத்தின் வேகம் குறைந்ததாகவே தெரியவில்லை. மாறியது விட்டத்தில் 0.4 மி.மீ. திரையில் அந்தக் குறியைச் சுவரின் உள்விளிம்பில் வைப்பதா, அரை முடியளவு தள்ளி வைப்பதா என்பதில் வரும் வித்தியாசம் அது. விட்டம் இரண்டு முறை பெருக்கப்படுவதால், 7 சதவீதத் தவறு 13 சதவீதமாகப் பெருகிவிடுகிறது. இரண்டாவது சென்டரிலும் 6.0 என்று அளந்திருந்தால் விடை 105 வந்திருக்கும், யாரும் பயந்திருக்க மாட்டார்கள்.

வேகத்தை அளப்பதிலும் இதே சிக்கல் உண்டு. டாப்ளர் கதிர், ரத்தம் ஓடும் திசையோடு ஒரே கோட்டில் இருந்தால்தான் முழு வேகம் கிடைக்கும். 30 டிகிரி சாய்ந்து, அதைத் திருத்தாமல் விட்டால் 13 சதவீதம் குறைத்துக் காட்டும். 60 டிகிரி என்றால் பாதிதான். கொடி முறுக்கிக்கொண்டு மிதப்பது, அதில் நேரான ஒரு துண்டைத் தேடிப் பிடிப்பதே பாதி நேரம். இதற்கு மேல், கர்ப்பம் வளர வளர ஒரு கிலோவுக்கான ஓட்டம் மெல்லக் குறைந்துகொண்டே வருவதுதான் இயல்பு. நடு மாதங்களில் 110, 120 என்று இருப்பது கடைசி மாதத்தில் நூறோ அதற்குக் கீழோ இருக்கும். “நூறுக்குக் கீழே என்றால் ஆபத்து” என்று ஒரு கோடு கிடையாது. சிரை ஓட்ட அளவு ஆராய்ச்சிக்கு நல்ல கருவி. ஒருவரே, ஒரே இயந்திரத்தில், மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் பயனும் தரும். அன்றாட முடிவுகளுக்கு இதை நம்பி எந்தப் பொறுப்பான மருத்துவரும் பிரசவ நாளைக் குறிப்பதில்லை. சிரையில் உண்மையில் கவலைப்பட வைப்பது வேறொன்று. முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு சிரையின் டாப்ளர் கோடு ஏற்ற இறக்கமில்லாமல் நேராக ஓட வேண்டும். அதில் இதயத்துடிப்போடு சேர்ந்து துடிப்பு தெரிந்தால், குழந்தை மூச்சுப் பயிற்சி (வயிற்றுக்குள்ளேயே மூச்சு விடுவதுபோல் மார்பை அசைப்பது) செய்யாத நேரத்திலும் தெரிந்தால், அது இதயம் திணறுவதன் அறிகுறி. உங்கள் ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் எழுதவில்லை.

எடையும் அதே கதைதான். 8 நாளில் 90 கிராம்தான் ஏறியிருக்கிறது என்று இன்னும் யாரும் சொல்லவில்லை போலும், சொல்லியிருந்தால் அதற்கும் அழுதிருப்பீர்கள். இந்த வாரங்களில் 8 நாளில் 200 கிராம் அளவுக்கு ஏறுவது வழக்கம். ஆனால் ஸ்கேன் எடையில் 10 சதவீதம் கூடக் குறைய வருவது சாதாரணம். 1,120ல் பத்து சதவீதம் என்றாலே 112 கிராம், 1,210ல் 121. இரண்டு ஸ்கேனின் பிழையும் எதிரெதிராகச் சேர்ந்தால் 200ஐத் தாண்டிவிடும். வளர்ச்சியைவிட அளவுப் பிழை பெரிதாக இருக்கும் இடைவெளியில் ஸ்கேன் எடுத்தால், கிடைப்பது குழப்பம்தான். வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன்களுக்கு நடுவே குறைந்தது 2 வாரம், முடிந்தால் 3 வாரம் விட வேண்டும். அதுவும் ஒரே இடத்தில். இரண்டு சென்டர்களின் ரிப்போர்ட்டை அடுத்தடுத்து வைத்து ‘குறைகிறது’ என்று சொல்வது தவறு.

அதற்காக இந்த 1,210ஐ ஒதுக்கித் தள்ளிவிடவும் மாட்டேன். 28 வாரத்தில் 1,120 என்பது சராசரிக்குச் சற்றுக் கீழே, நல்ல இடத்தில் இருந்தது. 29 வாரம் தாண்டிய நிலையில் 1,210 என்பது இன்னும் 10ஆம் சதமானக் கோட்டுக்கு (அதே வாரத்தில் உள்ள நூறு குழந்தைகளில் எடை குறைந்த பத்தைப் பிரிக்கும் கோடு) மேலேதான் இருக்கிறது, ஆனால் அதை நெருங்கியிருக்கிறது. அளவுப் பிழையாகவே இருக்கலாம். ஒற்றைத் தமனி உள்ள குழந்தைகளில் எடை குறைவது சற்று அதிகம் என்று சில ஆய்வுகளும், வித்தியாசமே இல்லை என்று வேறு சில ஆய்வுகளும் சொல்கின்றன. ஆகவே 31 வாரம் முடிந்து 32க்குள், முதலில் எடுத்த சென்டரிலேயே ஒரு வளர்ச்சி ஸ்கேன் எடுங்கள். அங்கே முதலில் பார்க்க வேண்டியது குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு. சத்து குறைந்தால் ஈரல் முதலில் சிறுக்கும், வயிறு முதலில் பின்தங்கும். தலையும் தொடை எலும்பும் பிறகுதான். வயிற்றுச் சுற்றளவு தன் கோட்டிலேயே ஏறினால், இந்த 92ஐ மறந்துவிடலாம்.

தமனியின் எண்களுக்கு வருகிறேன். பி.ஐ. என்பது ரத்தத்தின் அளவு அல்ல. இதைப் படித்த பலரே மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். இதயம் சுருங்கும்போது தமனியில் வரும் உச்ச வேகத்திலிருந்து, விரியும் கடைசி நொடியின் வேகத்தைக் கழித்து, சராசரி வேகத்தால் வகுப்பது பி.ஐ. உச்சத்தைக் கடைசி வேகத்தால் வகுப்பது எஸ்/டி. இவை சொல்வது எதிரே நஞ்சுக்கொடிக்குள் எவ்வளவு தடை இருக்கிறது என்பதை மட்டும்தான். நஞ்சுக்கொடி நன்றாகக் கிளைவிட்டிருந்தால், இதயம் விரியும் நேரத்திலும் ரத்தம் முன்னோக்கி ஓடிக்கொண்டே இருக்கும், எண் சிறியதாக இருக்கும். 20ஆம் வாரத்தில் 1.2 அளவில் இருக்கும் பி.ஐ., நிறைமாதத்தில் 0.8 பக்கம் இறங்குவது இயல்பு. எஸ்/டி 30 வாரத்துக்குப் பிறகு 3க்குக் கீழே இருந்தால் போதும். உங்கள் 0.92ம் 0.98ம் இரண்டுமே நல்ல எண்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, கொடியின் எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதே போதுமான காரணம். குழந்தையின் வயிற்றருகே அளந்தால் எண் கூடும், நஞ்சுக்கொடி அருகே அளந்தால் குறையும். அதனால்தான் நடுவே மிதக்கும் பகுதியில், குழந்தை அசையாமல், மூச்சுப் பயிற்சி செய்யாமல் இருக்கும்போது, ஒரே மாதிரியான நாலைந்து அலைகளாவது வந்த பிறகு அளக்க வேண்டும்.

முன்பு நினைவில் வைக்கச் சொன்னது இங்கே வருகிறது. ஒற்றைத் தமனி அகலமானது, தடை குறைந்தது. எனவே அதில் பி.ஐ. பொதுவாகவே கொஞ்சம் குறைவாக வரலாம். ஒப்பிடும் அட்டவணையோ மூன்று குழாய்க் கொடிகளை வைத்துப் போட்டது. இதன் பொருள், உங்களைப் போன்றவர்களுக்கு ‘பி.ஐ. நார்மல்’ என்ற ஒரு வரியை மட்டும் வைத்து முழு நிம்மதி அடைந்துவிட முடியாது. பி.ஐ.யோடு எடையையும் மூளைத் தமனியையும் சேர்த்தே படிக்க வேண்டும். மூளைத் தமனியின் பி.ஐ.யைத் தொப்புள் தமனியின் பி.ஐ.யால் வகுத்தால் உங்களுக்கு முதலில் 2.1, பிறகு 1.9. இது 1க்குக் கீழே இறங்கினால், குழந்தை மற்ற உறுப்புகளுக்கான ரத்தத்தைக் குறைத்து மூளைக்குத் திருப்புகிறது என்று பொருள். நீங்கள் அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறீர்கள்.

எப்போது நிஜமாகவே அஞ்ச வேண்டும்? இதயம் விரியும் நேரத்தில் தமனியில் ஓட்டமே இல்லாமல் போனால். அலையின் அடிப்பகுதி கோட்டைத் தொட்டு வெறுமையாக இருக்கும். அப்படி வந்தால் மருத்துவமனையில் சேர்த்து அடிக்கடி கண்காணித்து, 33 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் பார்ப்பது இன்றைய நடைமுறை. அந்த நேரத்தில் ரத்தம் பின்னோக்கியே ஓடினால் 30 முதல் 32 வாரத்துக்குள். ஒற்றைத் தமனி என்பதால் இந்த விதிகளில் சலுகை எதுவும் கிடையாது. அகலமான குழாயிலும் ஓட்டம் நின்றுபோயிருக்கிறது என்றால் நஞ்சுக்கொடி மோசமாகக் கெட்டிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நுரையீரல் முதிர்வதற்கான ஸ்டீராய்டு ஊசியும் அப்படிப்பட்ட கட்டத்தில்தான். டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4, அல்லது பீட்டாமெத்தசோன் 12 மி.கி. 24 மணி நேர இடைவெளியில் 2. ஒரு வாரத்துக்குள் பிரசவம் நடக்கும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும்போது போடுவது அது. “எதற்கும் இருக்கட்டும்” என்று 32 வாரத்தில் போட்டுவைக்கும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. உங்கள் நிலையில் அதற்கு அவசியமே இல்லை, யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

கொடியில் குழாய் எத்தனை என்பதைவிட, கொடி எங்கே பதிந்திருக்கிறது என்பது சில சமயம் முக்கியம். ஒற்றைத் தமனிக் கொடிகள் நஞ்சுக்கொடியின் நடுவில் பதியாமல் ஓரத்திலோ, நஞ்சை எட்டாமல் பனிக்குடச் சவ்விலேயோ பதிவது வழக்கத்தைவிட அதிகம். சவ்வில் பதிந்தால் குழாய்களைச் சுற்றிக் காக்கும் கொழகொழப்பான திசு அங்கே இருக்காது, எளிதில் அழுந்தும். அந்தக் குழாய்கள் கருப்பை வாயை ஒட்டி, குழந்தையின் தலைக்கு முன்னால் ஓடினால் நிலைமை மிகவும் ஆபத்தானது. பனிக்குடம் உடையும்போது குழாயும் கிழிந்து, போவது குழந்தையின் ரத்தம். இது தெரிந்துவிட்டால் வலி வருவதற்கு முன்பே, 34 முதல் 37 வாரத்துக்குள் ஆபரேஷன் செய்து குழந்தையைக் காப்பாற்றிவிடலாம். தெரியாமல் போனால்தான் பேரிழப்பு. உங்கள் இரண்டு ரிப்போர்ட்டிலும் கொடி பதியும் இடம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அடுத்த ஸ்கேனில் வாய்விட்டுக் கேளுங்கள்: “கொடி எங்கே பதிந்திருக்கிறது? கருப்பை வாய்க்கு மேலே ரத்தக் குழாய் எதுவும் ஓடுகிறதா?” நஞ்சு கீழே இருந்தாலோ, இரண்டு மடலாக இருந்தாலோ, கொடி சவ்வில் பதிந்திருந்தாலோ, பிறப்புறுப்பு வழியாகக் கலர் டாப்ளர் போட்டுப் பார்ப்பதே சரியான வழி. இந்தக் கேள்விக்கு விடை வாங்குவது, சிரை ஓட்டத்தை இன்னொரு முறை அளப்பதைவிடப் பலமடங்கு பயனுள்ளது.

பனிக்குட நீர்ச் சோதனை பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. ஒற்றைத் தமனியோடு இதயக் குறையோ சிறுநீரகக் குறையோ வேறு ஏதாவதோ சேர்ந்திருந்தால் 18ஆம், 13ஆம் குரோமோசோம் கோளாறுகளைப் பற்றி யோசிக்க வேண்டும், அப்போது அந்தச் சோதனை அவசியம். தனியாக ஒற்றைத் தமனி மட்டும் இருந்தால் குரோமோசோம் கோளாறு கூடுவதில்லை. அமெரிக்காவின் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2021ல் வெளியிட்ட வழிகாட்டலும் இதையே சொல்கிறது: தனித்த ஒற்றைத் தமனிக்குக் கூடுதல் மரபணுச் சோதனை தேவையில்லை. உங்கள் 12ஆம் வாரச் சோதனையும் சாதகமாக இருக்கிறது. குழந்தையின் இதயத்துக்குத் தனி எக்கோ வேண்டுமா என்பது அனாமலி ஸ்கேனைப் பொறுத்தது. இதயத்தின் நான்கு அறைகளும், வெளியேறும் இரண்டு பெருங்குழாய்களும் தெளிவாகப் பார்த்து எழுதப்பட்டிருந்தால் வேண்டாம். ‘குழந்தை கிடந்த நிலையால் சரியாகத் தெரியவில்லை’ என்ற வரி எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை 24 முதல் 28 வாரத்துக்குள் செய்திருக்க வேண்டும். செய்யவில்லையென்றால் இந்த வாரமே செய்யுங்கள். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் அதற்கு வைத்தியம் உண்டு. ரத்த அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் பார்க்கச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடியின் ஓட்டத்தைக் கெடுப்பதில் ஒற்றைத் தமனியைவிட அதற்குத்தான் பங்கு அதிகம்.

ஆர்ஜினைன் பவுடர் இல்லாத தமனியை உண்டாக்காது, இருப்பதை அகலப்படுத்தவும் வேண்டியதில்லை. எண்கள் நன்றாக இருக்கும்போது எதற்காகக் குடிக்கிறோம் என்று கொடுத்தவரிடமே கேளுங்கள். ஆஸ்பிரின் வேறு கதை. அது ரத்த அழுத்தச் சிக்கல் வரக்கூடியவர்களுக்கு 12 முதல் 16 வாரத்துக்குள் தொடங்கி இரவில் கொடுப்பது. ஏற்கெனவே அந்தக் காரணத்துக்காக எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒற்றைத் தமனிக்காக 29 வாரத்தில் புதிதாகத் தொடங்குவதில் பொருளில்லை. ‘ரத்த ஓட்டத்தைக் கூட்டும் மாத்திரை’ என்று சில்டெனாஃபில் எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு 2018ல் பாதியில் நிறுத்தப்பட்டது. பிறந்த குழந்தைகள் சிலர் நுரையீரல் ரத்த அழுத்தக் கோளாறால் இறந்ததே காரணம். அந்தப் பெயரைச் சீட்டில் பார்த்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டாம். முட்டை, பருப்பு, கீரை, இரும்புச்சத்து மாத்திரை, அவ்வளவுதான். பீட்ரூட்டும் மாதுளையும் உங்கள் ரத்தத்துக்கு நல்லவை, தொப்புள் தமனிக்கு ஒன்றும் செய்யாது. படுக்கும்போது மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுங்கள், இடமோ வலமோ. மல்லாந்தால் கருப்பையின் பாரம் உங்கள் பெரிய ரத்தக் குழாய்களை அழுத்தும். இரவில் தூக்கத்தில் புரண்டுவிட்டால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

ஸ்கேன் அறைக்கு வெளியே உங்கள் கையில் இருக்கும் அளவுகோல் குழந்தையின் அசைவு. உங்கள் குழந்தை எந்த நேரத்தில் துள்ளும், எப்போது அடங்கும் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வழக்கம் மாறினால் சாப்பிட்டுவிட்டு ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவு வராவிட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும் சரி. மறுநாள் ஓ.பி.க்குக் காத்திருக்க வேண்டாம். ‘டாப்ளர் போன வாரம்தான் நார்மல்’ என்ற ரிப்போர்ட் அன்றைய அசைவுக்கு உத்தரவாதம் அல்ல.

31, 32ஆம் வார ஸ்கேனில் எடை சரியாக ஏறியிருந்தால், அடுத்தது 35, 36ல் ஒன்று. 36 வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை இதயத்துடிப்புப் பதிவும் பனிக்குட நீர் அளவும் பார்க்கலாம். வயிற்றுச் சுற்றளவோ எடையோ 10ஆம் சதமானத்துக்குக் கீழே இறங்கினால் இந்த அட்டவணை மாறும். அப்போது டாப்ளரை வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ என்று நெருக்க வேண்டியிருக்கும். பிரசவமும் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில்தான்.

எல்லாம் சீராகப் போனால் முன்கூட்டி ஆபரேஷன் செய்ய ஒற்றைத் தமனி ஒரு காரணமே அல்ல. 37 வாரத்தில் அவசரப்பட்டு எடுத்தால் குழந்தை மூச்சுத் திணறலோடு தீவிர சிகிச்சைக்குப் போகும் வாய்ப்புதான் கூடும். 39 வாரம் தாண்டி இயல்பாக வலி வரட்டும், சுகப்பிரசவத்துக்கு முயலலாம். வலி நேரத்தில் மட்டும் இதயத்துடிப்பை விட்டுவிட்டுக் கேட்காமல் தொடர்ந்து பதிவுசெய்யச் சொல்லுங்கள். ஒரே தமனி அழுந்தினால் மாற்றுப்பாதை இல்லை என்பதால் துடிப்பு இறங்குவது உடனே தெரிய வேண்டும். கொடி கழுத்தில் சுற்றியிருக்கிறது என்று யாராவது சொன்னால் அதற்கும் தனியாகப் பயப்படாதீர்கள். நாலைந்து குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் பிறக்கிறது, மாமனுக்கும் ஒன்றும் ஆவதில்லை.

கோப்பின் முதல் பக்கத்தில் ‘ஒற்றைத் தொப்புள் தமனி’ என்று சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். பிறந்ததும் கொடியை வெட்டிய முனையில் குழந்தை மருத்துவரோ செவிலியரோ எண்ணிப் பார்க்க வேண்டும். தமனி சிறிதாய், வெளுத்து, கெட்டியாய் நிற்கும். சிரை அகலமாய், சுவர் மெலிந்து தளர்ந்திருக்கும். குழந்தைப் பக்கத்து முனையில் எண்ணுவதே நல்லது. நஞ்சுக்கொடியை ஒட்டி எண்ணினால் அந்தக் குறுக்கு இணைப்பு ஏமாற்றும். குழந்தையைத் தலை முதல் கால் வரை ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும், ஆசனவாய் திறந்திருக்கிறதா என்பது உட்பட. முதல் 24 மணி நேரத்தில் சிறுநீர் போனதைக் குறித்துவையுங்கள். கர்ப்பத்தில் இரண்டு சிறுநீரகமும் நன்றாகத் தெரிந்திருப்பதால் பிறந்த பிறகு சிறுநீரக ஸ்கேன் கட்டாயமில்லை. காய்ச்சலோடு சிறுநீர்த் தொற்று எதுவும் பின்னால் வந்தால் அப்போது எடுக்கலாம். அடுத்த கர்ப்பத்திலும் இப்படியே வருமோ என்று இப்போதே யோசிக்க வேண்டாம், திரும்ப வரும் வாய்ப்பு குறைவு.